சம்பளம் கூடியது, சைல்ட் பெனிஃபிட்டைத் திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள்: வாசகர் கேள்வி பதில்

2026 ஏப்ரல் 5ஆம் திகதியுடன் பிரித்தானியாவின் 2025-26 வரியாண்டு முடிகிறது. பதவி உயர்வு, போனஸ், கூடுதல் ஷிஃப்ட் என்று வருமானம் கூடிய பெற்றோர் பலர் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்ப்போருக்கு அரசு தரும் கொடுப்பனவு) பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். சைல்ட் பெனிஃபிட் மனைவியின் பெயரில், அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. எனக்குக் கடந்த ஜூனில் பதவி உயர்வு கிடைத்தது. இந்த வரியாண்டு முடியும்போது என் பி60இல் (ஆண்டுச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் படிவம்) 64,850 பவுண் வரும்போல் இருக்கிறது. "நீ காசைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும்" என்று வேலையிடத்தில் சொல்கிறார்கள். நான் விண்ணப்பிக்காத பணத்தை நான் ஏன் கட்ட வேண்டும்? எவ்வளவு கட்ட வேண்டும்?
(ஹரோ)

பதில்: கட்ட வேண்டியவர் நீங்கள்தான். ஆனால் அந்தப் பணம் உங்கள் மனைவிக்குப் பிழையாகக் கொடுக்கப்பட்டது என்பதல்ல காரணம். அவருக்கு வந்தது அவருக்கு உரித்தான கொடுப்பனவு, அதை யாரும் அவரிடம் திருப்பிக் கேட்கப் போவதில்லை. உங்களிடம் கேட்பது வேறொரு வரி. 2013 ஜனவரி 7 முதல் நடைமுறையில் இருக்கும் இதன் பெயர் ஹை இன்கம் சைல்ட் பெனிஃபிட் சார்ஜ், அதாவது அதிக வருமானத்துக்கான சைல்ட் பெனிஃபிட் அறவீடு. தம்பதியில் யாருடைய வருமானம் அதிகமோ அவர் தலையில் இது விழும். யார் பெயரில் விண்ணப்பம், எந்தக் கணக்குக்குப் பணம் போகிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை.

வீட்டின் மொத்த வருமானத்தையும் அது பார்ப்பதில்லை. கணவனும் மனைவியும் ஆளுக்கு 59,000 பவுண் உழைத்தால் ஒரு பென்ஸ் கூடக் கட்ட வேண்டாம். ஒருவர் மட்டும் 80,000 உழைத்து மற்றவர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்தால் முழுத்தொகையும் போய்விடும். ஒருவர் உழைப்பில் ஓடும் குடும்பங்களுக்கு இது பெரிய அநீதி என்பதே எங்கள் கருத்து. ஆனாலும் இன்று கணக்குப் பார்க்க வேண்டியது இந்த விதியின்படிதான்.

இனி கணக்கு. 2025-26இல் மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05 பவுண், அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 17.25 பவுண். 52 வாரங்களுக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 2,251.60 பவுண். உங்கள் வருமானம் 60,000ஐத் தாண்டும் ஒவ்வொரு முழு 200 பவுணுக்கும் அந்தத் தொகையில் நூற்றுக்கு ஒரு வீதம் கட்ட வேண்டும். 80,000ஐத் தொட்டால் நூறு வீதம். 64,850 என்றால் மேலதிகம் 4,850. அதை 200ஆல் வகுத்தால் 24.25. மீதியை விட்டுவிட வேண்டும், ஆகவே 24 வீதம், அதாவது 540 பவுண்.

பலர் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுகிறார்கள். பிழை நேர்வதும் இங்கேதான். வரித் திணைக்களமான எச்எம்ஆர்சி எடுப்பது பி60இல் உள்ள தொகையை அல்ல, அட்ஜஸ்டட் நெட் இன்கம் (வரிக்குரிய மொத்த வருமானத்திலிருந்து சில பென்ஷன் பங்களிப்புகளையும் நன்கொடைகளையும் கழித்தது) என்ற வேறொரு தொகையை. வேலையிடத்தில் தனியார் மருத்துவக் காப்புறுதியோ கம்பனிக் காரோ தந்தால் அதன் பெறுமதியும் சேரும். அது பெரும்பாலும் பி60இல் இராது, கோடையில் வரும் பி11டி படிவத்தில் இருக்கும். சேமிப்புக் கணக்கின் வட்டியும் சேரும். வரி இல்லாத அளவுக்குள் இருக்கும் வட்டி என்றாலும் இந்தக் கணக்கில் அது வரும். வரியற்ற சேமிப்பான ஐசா கணக்கின் வட்டியும் பிரீமியம் பாண்ட் பரிசும் சேரா. உங்களுக்கு 1,150 பவுண் பெறுமதியான மருத்துவக் காப்புறுதியும் 340 பவுண் வட்டியும் இருக்கிறதென்று வையுங்கள். வருமானம் 66,340 ஆகிவிடும், வீதம் 31, கட்ட வேண்டியது 697 பவுண். பி60ஐ மட்டும் நம்பியவர் 157 பவுண் குறைத்துக் கணக்கிட்டிருப்பார்.

வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மோர்ட்கேஜ் வட்டியை வாடகை வருமானத்திலிருந்து கழித்துவிட்டு "லாபமே இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். குடியிருப்பு வீடுகளுக்கு அந்த வட்டியை இப்போது கழிக்க முடியாது, அதற்கு 20 வீத வரிக்கழிவு மட்டும் உண்டு. வருடம் 14,000 வாடகை வாங்கி 11,000 மோர்ட்கேஜ் வட்டி கட்டுபவரின் கையில் மிஞ்சுவது 3,000. வேறு செலவுகள் இல்லையென்றால் இந்த அறவீட்டின் கணக்கில் ஏறுவது முழு 14,000. சம்பளம் 50,000 தானே என்று நிம்மதியாக இருந்தவர்களும் இப்படித்தான் எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள்.

கேள்வி: சம்பள விபரம் எல்லாம் எச்எம்ஆர்சியிடம் இருக்கிறது. சைல்ட் பெனிஃபிட் கொடுப்பதும் அவர்கள்தான். அப்படியிருக்க, தாமாகவே கழித்துக்கொள்ள மாட்டார்களா? நான் என்ன செய்ய வேண்டும்?
(ஸ்லாவ்)

பதில்: தாமாகக் கழிக்க மாட்டார்கள். கொடுப்பனவு ஒருவருடைய நேஷனல் இன்ஷூரன்ஸ் (சமூகக் காப்புறுதி) இலக்கத்தில் இருக்கிறது, சம்பளம் இன்னொருவருடைய இலக்கத்தில் இருக்கிறது. இருவரும் ஒரே வீட்டில் தம்பதியாக வாழ்கிறார்களா என்பது சம்பளப் பதிவில் தெரியாது. அதனால் அறிவிக்கும் பொறுப்பைச் சட்டம் உங்களிடம் விட்டிருக்கிறது. கடிதம் வராததால் கடனும் இல்லை என்று எண்ண வேண்டாம். திணைக்களம் பதிவுகளை ஒப்பிட்டுக் கடிதம் அனுப்புவதற்குள் இரண்டு மூன்று வருடக் கடன் சேர்ந்துவிடலாம்.

வழி இரண்டு. இந்த அறவீட்டைத் தவிர வேறு காரணத்துக்காக வரி ரிட்டர்ன் போடத் தேவையில்லாதவர்கள், 2025இல் தொடங்கிய இணையச் சேவையில் பதிந்து, டாக்ஸ் கோட் (எவ்வளவு வரி பிடிப்பது என்று வேலையிடத்துக்குச் சொல்லும் குறியீடு) மூலம் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் கழிக்க விடலாம். கோவ் டாட் யுகே என்ற அரச தளத்திலோ எச்எம்ஆர்சி செயலியிலோ நுழைந்தால், கிடைத்த கொடுப்பனவையும் உங்கள் வருமானத்தையும் கேட்கும். பதிந்த பின் டாக்ஸ் கோட் மாறும், கையில் வரும் சம்பளம் சற்றுக் குறையும்.

சுயதொழில், வாடகை, வெளிநாட்டு வருமானம் இருப்பவர்கள் செல்ஃப் அசெஸ்மென்ட் ரிட்டர்னில்தான் (வருமானத்தைத் தாமே கணக்குக் காட்டும் வரிப் படிவம்) இதைக் காட்ட வேண்டும். 2023-24க்கும் அதற்கு முந்திய ஆண்டுகளுக்கும் எல்லோருக்கும் ரிட்டர்ன்தான் வழி. வரியாண்டு முடிந்த பின் வரும் ஒக்டோபர் 5க்குள் பதிய வேண்டும், அதையடுத்த ஜனவரி 31க்குள் இணையத்தில் ரிட்டர்ன் போட்டுப் பணமும் கட்ட வேண்டும். ஆக, 2025-26க்கு 2026 ஒக்டோபர் 5, பின்பு 2027 ஜனவரி 31. ரிட்டர்னை டிசம்பர் 30க்குள் இணையத்தில் போட்டுவிட்டால், கட்ட வேண்டியது 3,000 பவுணுக்குக் குறைவாக இருக்கும்போது, அதையும் டாக்ஸ் கோட் வழியாகக் கழிக்கக் கேட்கலாம். ஒரே தடவையில் 700 பவுண் எடுத்து வைக்க முடியாத குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒக்டோபர் 5ஐத் தவறவிட்டவர்கள் பயந்து ஒதுங்க வேண்டாம். அறிவிக்கத் தவறியதற்கான தண்டம், ஜனவரி 31இல் கட்டப்படாமல் இருக்கும் வரியின் மீதுதான் கணக்கிடப்படும். நவம்பரிலோ டிசம்பரிலோ பதிந்தாலும் ஜனவரி 31க்குள் முழுவதையும் கட்டிவிட்டால் அந்தத் தண்டம் பூச்சியம்.

கேள்வி: ஒரு பிள்ளை. 2021இல் வருமானம் 50,000ஐத் தாண்டியது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. இப்போது வரித் திணைக்களத்திலிருந்து கடிதம். 2021-22இல் வருமானம் 54,300, அடுத்த வருடம் 57,250, 2023-24இல் 61,400, 2024-25இல் 62,300. மொத்தம் எவ்வளவு வரும்? தண்டமும் உண்டா?
(லெஸ்டர்)

பதில்: முதலில் ஒரு திருத்தம். 60,000 என்ற எல்லை 2024 ஏப்ரல் 6இல்தான் வந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளுக்கு எல்லை 50,000, ஒவ்வொரு 100 பவுணுக்கும் ஒரு வீதம், 60,000இல் முழுவதும் போய்விடும். பழைய ஆண்டுகளைப் புதிய எல்லையை வைத்துப் பார்த்து "எனக்கு ஒன்றும் இல்லை" என்று பதில் அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் கணக்கு இப்படி வரும். 2021-22இல் ஒரு பிள்ளைக்கு வாரம் 21.15 பவுண், ஆண்டுக்கு 1,099.80. மேலதிகம் 4,300, ஆகவே 43 வீதம், 472 பவுண். 2022-23இல் வாரம் 21.80, ஆண்டுக்கு 1,133.60, வீதம் 72, கட்ட வேண்டியது 816. 2023-24இல் வாரம் 24 பவுண், ஆண்டுக்கு 1,248, வருமானம் 60,000ஐத் தாண்டியதால் முழு 1,248உம். 2024-25இல் வாரம் 25.60, ஆண்டுக்கு 1,331.20, ஆனால் புதிய எல்லைப்படி 11 வீதம் மட்டும், 146 பவுண். வருமானம் 900 பவுண் கூடியும் அறவீடு 1,248இலிருந்து 146ஆக இறங்கியதைக் கவனியுங்கள். நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 2,682 பவுண், அதன் மேல் தாமத வட்டி. 2025 ஏப்ரல் 6 முதல் அந்த வட்டி, பேங்க் ஒஃப் இங்கிலாந்து வீதத்துக்கு மேல் 4 புள்ளிகள்.

இந்தத் தொகையை ஏற்றுக்கொள்வதற்கு முன் ஒவ்வொரு ஆண்டின் வருமானத்தையும் சரிபாருங்கள். கடிதத்தில் இருக்கும் தொகை பெரும்பாலும் சம்பளப் பதிவிலிருந்து எடுத்தது. அந்த ஆண்டுகளில் நீங்கள் தனியார் பென்ஷனுக்குக் கட்டியதோ, கிஃப்ட் எய்ட் (அறநிலைய நன்கொடைக்கான வரிச்சலுகைத் திட்டம்) படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த நன்கொடையோ அதில் கழிக்கப்பட்டிராது. 2021-22இல் உங்கள் சொந்த பென்ஷனுக்கு 1,600 பவுண் கட்டியிருந்தால் அது வரிச்சலுகையும் சேர்ந்து 2,000ஆகக் கழியும், 43 வீதம் 23 ஆகிவிடும்.

தண்டம் பற்றி. வேண்டுமென்று மறைக்காதவருக்கு உச்சம் கட்டத் தவறிய வரியில் 30 வீதம். ஜனவரி 31 தாண்டி 12 மாதத்துக்குள் நீங்களாகவே முன்வந்து சொன்னால் பூச்சியம் வரை இறங்கலாம். 12 மாதம் கழிந்த பின் நீங்களாகச் சொன்னால் குறைந்தது 10 வீதம். கடிதம் வந்த பின் சொன்னால் 12 மாதத்துக்குள் குறைந்தது 10, அதற்குப் பின் குறைந்தது 20. எல்லா விபரத்தையும் உடனே கொடுத்து ஒத்துழைப்பவருக்கே அந்தக் குறைந்த வீதம் கிடைக்கும். கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு மூன்றாம் நினைவூட்டல் வரை காத்திருந்தால் வீதம் மேலே போகும்.

நியாயமான காரணம் இருந்தால் தண்டத்தை முற்றாக நீக்கக் கேட்கலாம். "எனக்குத் தெரியாது" என்பது எல்லா வேளையிலும் செல்லாத வாதம் அல்ல. சட்டத்தை அறியாதிருந்ததும் சில சூழ்நிலைகளில் நியாயமான காரணமாகலாம் என்று மேல் தீர்ப்பாயம் 2018இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எழுதினால் பலன் இராது. எந்த ஆண்டு விண்ணப்பித்தீர்கள், அப்போது வருமானம் எவ்வளவு, எந்த மாதத்தில் எல்லையைத் தாண்டினீர்கள், இந்த வரி பற்றி எப்போது அறிந்தீர்கள், அறிந்த பின் எத்தனை நாளில் தொடர்புகொண்டீர்கள் என்று திகதிகளுடன் எழுதுங்கள். அறிந்த பின்னும் மாதக்கணக்கில் இருந்துவிட்டால் அந்தக் காரணம் அடிபட்டுப்போகும். 2013க்கு முன்பே, இந்த வரி இல்லாத காலத்தில் விண்ணப்பித்தவர்கள் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். தண்ட அறிவித்தல் வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும். நியாயமான காரணம் வரியை நீக்காது, தண்டத்தை மட்டுமே நீக்கும்.

கேள்வி: இந்த வருடம் என் வருமானம் 66,500 வரை போகும். இரண்டு பிள்ளைகள். பென்ஷனுக்குக் கூடக் கட்டினால் இதிலிருந்து தப்பலாம் என்கிறார்களே, உண்மையா? கோவிலுக்குக் கொடுக்கும் பணமும் கழியுமா?
(டூட்டிங்)

பதில்: உண்மைதான், சட்டமே அனுமதிக்கும் வழி. 66,500இல் உங்கள் அறவீடு 32 வீதம், 720 பவுண். வருமானத்தை 6,500 பவுண் குறைத்து 60,000க்குக் கொண்டுவந்தால் அது பூச்சியமாகும். வங்கிக் கணக்கிலிருந்து நேரே கட்டும் தனியார் பென்ஷனில் நீங்கள் 5,200 போட்டால் நிறுவனம் 1,300ஐ வரிச்சலுகையாகச் சேர்த்து 6,500 ஆக்கும். இந்தக் கணக்கில் கழிவது அந்த 6,500. உங்கள் வருமானத்தின் அந்தப் பகுதி 40 வீத வரிக்குள் இருப்பதால் இன்னொரு 1,300 பவுண் வரியும் குறையும், அதை ரிட்டர்னில் அல்லது எச்எம்ஆர்சிக்கு அறிவித்துப் பெற வேண்டும். அறவீட்டில் மிச்சமாகும் 720ஐயும் எடுத்துவிட்டால் 6,500 பவுண் ஓய்வூதியத்துக்கு உங்கள் கையிலிருந்து போவது 3,180 மட்டும். ஆனால் அந்தப் பணத்தை 55 வயது வரை தொட முடியாது, 2028 ஏப்ரல் முதல் அந்த வயது 57. மோர்ட்கேஜ் கட்டத் திணறும் வீட்டில் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

உங்கள் பென்ஷன் எந்த வகை என்று தெரியாமல் கணக்குப் போடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. என்எச்எஸ் (தேசிய சுகாதார சேவை) பென்ஷன் போன்றவற்றில் பங்களிப்பு வரிக்கு முன்பே கழிந்துவிடும், பி60இல் காணும் தொகை அதைக் கழித்த தொகை. அதை இன்னொரு முறை கழிக்கக் கூடாது. சாலரி சாக்ரிஃபைஸும் (சம்பளத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, வேலையிடமே அதைப் பென்ஷனுக்குக் கட்டுவது) அப்படியே, சம்பளமே குறைந்து பதிவாகியிருக்கும். பேஸ்லிப்பில் வரி கழித்த பின் பென்ஷன் கழிக்கப்பட்டிருந்தால், அல்லது நீங்களே தனியாகக் கட்டினால் மட்டும்தான் அதை இங்கே கழிக்க வேண்டும். அப்போதும் கட்டிய தொகையையல்ல, அதை 1.25ஆல் பெருக்கிய தொகையை.

திகதி முக்கியம். பணம் ஏப்ரல் 5க்குள் பென்ஷன் நிறுவனத்தைச் சேர்ந்திருக்க வேண்டும். ஏப்ரல் 7இல் போட்டு முந்திய ஆண்டுக்குக் கணக்குக் காட்ட வழியில்லை. சாலரி சாக்ரிஃபைஸ் என்றால் மார்ச் சம்பளம் முடிவாவதற்கு முன்பே வேலையிடத்தில் சொல்ல வேண்டும், பல இடங்களில் அந்தக் கெடு மாத நடுவில் முடிந்துவிடும். மார்ச்சில் போனஸ் வரும் இடங்களில் அந்த போனஸையே பென்ஷனுக்குத் திருப்பக் கேட்பது நல்லது. இரண்டு பிள்ளைகள் உள்ளவருக்கு 60,000க்கும் 80,000க்கும் இடையில் வரும் ஒவ்வொரு 1,000 பவுண் போனஸிலும் 400 வருமான வரி, 20 நேஷனல் இன்ஷூரன்ஸ், ஏறத்தாழ 112 இந்த அறவீடு என்று 532 பவுண் போய்விடும்.

கோவில் நன்கொடை கழியும், நிபந்தனையோடு. கோவில் பிரித்தானியாவில் கிஃப்ட் எய்ட் பெறத் தகுதியுள்ள அறநிலையமாக இருக்க வேண்டும், நீங்கள் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அப்படிக் கொடுத்த 400 பவுண், கணக்கில் 500ஆகக் கழியும். பெயரில்லாமல் உண்டியலில் போட்ட காசு கழியாது. அர்ச்சனைச் சீட்டும், மண்டப வாடகையும், தமிழ்ப் பள்ளிக் கட்டணமும் நன்கொடை அல்ல, பெற்ற சேவைக்குக் கொடுத்த விலை. ஊரிலுள்ள அன்னதான மடத்துக்கோ பிள்ளைகள் இல்லத்துக்கோ நேரே அனுப்பிய பணமும் இதில் சேராது, மனத்துக்கு எவ்வளவு நிறைவாக இருந்தாலும். பென்ஷனுக்கு இல்லாத வசதியொன்று கிஃப்ட் எய்டுக்கு உண்டு. ஏப்ரல் 5க்குப் பின் கொடுத்ததையும், ரிட்டர்ன் போடும் நாளுக்கு முன் கொடுத்திருந்தால், முந்திய ஆண்டில் கொடுத்ததாகக் காட்டலாம். அதை உரிய காலத்தில் போடும் முதல் ரிட்டர்னிலேயே காட்ட வேண்டும், பின்னர் திருத்தும்போது சேர்க்க முடியாது.

கேள்வி: கணவரின் சம்பளம் 95,000. "எப்படியும் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும், எதற்கு வீண் வேலை" என்று சைல்ட் பெனிஃபிட்டுக்கு நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. மகனுக்கு இரண்டு வயது, நான் வேலைக்குப் போவதில்லை. சரிதானே?
(ஈஸ்ட் ஹாம்)

பதில்: சரியில்லை அம்மா, உடனே விண்ணப்பியுங்கள். பணத்தை வாங்காமல் இருப்பது வேறு, விண்ணப்பிக்காமல் இருப்பது வேறு. சைல்ட் பெனிஃபிட் விண்ணப்பம் உங்கள் பெயரில் இருந்தால், மகனுக்கு 12 வயது ஆகும் வரை வேலை செய்யாத ஆண்டுகளுக்கும் உங்களுக்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் கிரெடிட் (பணம் கட்டாத ஆண்டையும் கட்டியதாகச் சேர்க்கும் பதிவு) கிடைக்கும். முழு அரச ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 35 ஆண்டுப் பதிவு வேண்டும், ஏதாவது கிடைக்கவே குறைந்தது 10 ஆண்டு. 2025-26இல் முழு ஓய்வூதியம் வாரம் 230.25 பவுண், ஆகவே ஒரு ஆண்டுப் பதிவின் பெறுமதி வாரம் 6.58, வருடம் 342 பவுண், வாழ்நாள் முழுவதும். பத்து ஆண்டுகள் வீட்டிலிருந்து பிள்ளை வளர்த்த ஒரு தாய், ஒரு படிவத்தை நிரப்பாத காரணத்தால் முதுமையில் வருடம் 3,400 பவுணுக்கு மேல் இழப்பது எங்களுக்கு மிகுந்த வேதனை தருகிறது.

சிஎச்2 என்ற விண்ணப்பப் படிவத்தில் அல்லது இணையத்தில் விண்ணப்பிக்கும்போது "கொடுப்பனவு வேண்டாம்" என்ற தெரிவு இருக்கிறது. அதைத் தெரிந்தால் பணம் வராது, கணவர் எதுவும் கட்ட வேண்டாம், கிரெடிட் மட்டும் சேரும். 16 வயதை நெருங்கும்போது மகனுக்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் இலக்கமும் தானாக வந்து சேரும். விண்ணப்பம் வேலை செய்யாதவர் பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் போட்டால், ஏற்கெனவே சம்பளத்தில் பதிவு உள்ள அவருக்கே கிரெடிட் போய் வீணாகும். விண்ணப்பம் மூன்று மாதம் மட்டுமே பின்னோக்கிச் செல்லும். 2013 முதல் இப்படித் தவறவிட்ட ஆண்டுகளுக்கும் பெற்றோர் கிரெடிட் கேட்க 2026 ஏப்ரல் முதல் வழி செய்வதாக அரசு அறிவித்திருக்கிறது. கோவ் டாட் யுகேயில் உங்கள் நேஷனல் இன்ஷூரன்ஸ் பதிவைத் திறந்து, முழுமையற்ற ஆண்டுகள் எவை என்று இப்போதே குறித்து வையுங்கள்.

பணத்தை நிறுத்தியவர்கள் கவனிக்க: வேலை போய் அல்லது நேரம் குறைந்து, அந்த ஆண்டில் இருவருடைய வருமானமும் 60,000ஐத் தாண்டவில்லை என்று தெரிந்தால், வரியாண்டு முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த ஆண்டின் கொடுப்பனவைப் பின்னோக்கிக் கேட்டு வாங்கலாம். 60,000க்கும் 80,000க்கும் இடையில் இருப்பவர்கள் நிறுத்தாமல் வாங்குவதே மேல், ஒரு பகுதி உங்களிடமே மிஞ்சும். வாங்கும் பணத்தைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தால் ஜனவரியில் கை கடிக்காது.

கேள்வி: கணவரைப் பிரிந்து மகளுடன் இருந்தேன். ஒக்டோபர் 4ஆம் திகதி முதல் புதிய துணைவருடன் ஒன்றாக வாழ்கிறேன். அவர் மகளின் தந்தை அல்ல, வருமானம் 78,000. என் வருமானம் 31,000. அவருக்கும் இந்தச் சார்ஜ் வருமா?
(குரோய்டன்)

பதில்: வரும். பதிவுத் திருமணம் செய்யாமல் தம்பதியாக ஒரே வீட்டில் வாழ்ந்தாலும், பிள்ளை அவருடையதல்ல என்றாலும் வரும். ஆனால் நீங்கள் ஒன்றாக வாழ்ந்த வாரங்களுக்கு மட்டும்தான். ஒக்டோபர் 6 திங்கள் முதல் 2026 மார்ச் 30இல் தொடங்கும் வாரம் வரை 26 வாரங்கள், 677.30 பவுண். அவருடைய முழு ஆண்டு வருமானத்தைக் கொண்டு வீதம் பார்ப்பார்கள், அது 90. அவர் கட்ட வேண்டியது 609. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை நீங்கள் தனியே வாங்கியதற்கு ஒன்றும் இல்லை. நாளை பிரிய நேர்ந்தாலும் கணக்கு இதே மாதிரிதான். சேர்ந்த திகதியும் பிரிந்த திகதியும் இருவரிடமும் எழுத்தில் இருப்பது நல்லது.

துணைவர் தன் வருமானத்தைச் சொல்ல மறுக்கும் வீடுகளும் உண்டு. அப்படியானால் எச்எம்ஆர்சியிடம் கேட்கலாம். தொகையைச் சொல்ல மாட்டார்கள். இருவரில் யாருடைய வருமானம் அதிகம், துணைவருக்குச் சைல்ட் பெனிஃபிட் வருகிறதா என்பதை மட்டும் சொல்வார்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்து வீட்டு வாடகையும், சென்னையில் என்ஆர்ஈ (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான கணக்கு) வைப்பின் வட்டியும் என் பெயரில் வருகின்றன. இங்கே கொண்டுவருவதில்லை. இவையும் சேருமா?
(மில்டன் கீன்ஸ்)

பதில்: பல வருடங்களாக இங்கே வாழ்ந்து வேலை செய்பவருக்குச் சேரும், அங்கேயே வைத்திருந்தாலும். என்ஆர்ஈ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கும் இல்லை என்பது பரவலான தவறு. இங்கே அது வரிக்குரிய வட்டி. வாடகையையும் வட்டியையும் அங்கே வரி கழிப்பதற்கு முந்திய தொகையாகப் பவுணுக்கு மாற்றிச் சேர்க்க வேண்டும். உங்களுக்கு டாக்ஸ் கோட் வழி பொருந்தாது, ரிட்டர்ன்தான்.

கேள்வி: நான் ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில் இருக்கிறேன், விசாவில் பொது நிதி (அரச உதவிப் பணம்) பெறக் கூடாது என்று இருக்கிறது. மனைவி பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர், அவர் வாங்கலாமா?
(பேர்மிங்ஹாம்)

பதில்: சைல்ட் பெனிஃபிட் பொது நிதிதான், ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கக் கூடாது. மனைவி தன் உரிமையில் விண்ணப்பித்து வாங்கலாம். நீங்கள் வீட்டில் இருப்பதால் அந்தத் தொகை கூடுவதில்லை, எனவே உங்கள் விசா நிபந்தனை மீறப்படாது. உங்கள் வருமானம் 60,000ஐத் தாண்டினால் அறவீடு மட்டும் உங்களிடம் வரும். விசா நீடிப்புக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: மகள் ஜிசிஎஸ்ஈ (16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) முடித்து, ஓகஸ்டுக்குப் பின் முழுநேர வேலையில் சேர்ந்துவிட்டாள். கொடுப்பனவு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. என் வருமானம் 28,000தான்.
(கொவென்ட்ரி)

பதில்: இது மேலே சொன்ன வரி அல்ல, உண்மையிலேயே அதிகமாகக் கொடுக்கப்பட்ட பணம். 16 வயதுக்குப் பின் முழுநேரப் படிப்போ அங்கீகரித்த பயிற்சியோ தொடர்ந்தால்தான் கொடுப்பனவும் தொடரும், இல்லையென்றால் 16ஆம் பிறந்தநாளுக்குப் பின் வரும் ஓகஸ்ட் 31உடன் முடியும். வருமானம் எவ்வளவு குறைவு என்றாலும் திருப்பிக் கேட்பார்கள், விண்ணப்பித்த உங்களிடமே கேட்பார்கள். இன்றே சைல்ட் பெனிஃபிட் பிரிவுக்கு இணையத்தில் அறிவியுங்கள். வந்த பணத்தைச் செலவழிக்காமல் வையுங்கள். ஒரே முறையில் கட்ட முடியாவிட்டால் மாதத் தவணை கேளுங்கள். அப்போது மாத வரவு செலவை எழுதிக் கையில் வைத்திருந்தால், தாங்கக்கூடிய தவணையை நீங்களே முதலில் சொல்லலாம்.